ஏதோ ஒரு சக்தியா, இறைவனா?

பிரபஞ்சத்தின் தொடக்கம் பற்றிப் பேச்சு எழும்போது எம்மவர் வாயில் இலகுவாக வந்துவிடும் ஒரு வசனம் உண்டு. "எல்லாவற்றுக்கும் பின்னால் ஏதோ ஒரு சக்தி இருக்கத்தான் வேண்டும்" என்பதே அது. கோவிலுக்குப் போகிறவரும் இதைச் சொல்வர், போகாதவரும் சொல்வர். மரண வீட்டிலும் கேட்கலாம். பல்கலைக்கழக விடுதியிலும் கேட்கலாம். இப்படிச் சொல்பவர் தாம் நாத்திகர் அல்லர் என்று காட்டிக்கொள்கிறார். அதே வேளையில் எந்த ஒரு சமயத்துக்கும் கடமைப்படாமல் ஒதுங்கியும் நின்றுகொள்கிறார். எவர் மனத்தையும் நோகச் செய்யாத வசனம் இது.

தமிழில் இதற்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. பௌதிக ஆசிரியர் கரும்பலகையில் எழுதும் சக்தியும், பக்தர் கைகூப்பி வணங்கும் சக்தியும் எமது மொழியில் ஒரே சொல்தான். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இவ்விரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள் உள்ளன. எமக்கு ஒன்றே இருப்பதால், ஓர் அர்த்தத்திலிருந்து மற்றதற்கு நாம் அறியாமலே தாவிவிடுகிறோம். "பிரபஞ்சம் ஒரு பெரும் சக்தியிலிருந்து தோன்றியது என்று விஞ்ஞானமே சொல்லிவிட்டது, அந்தச் சக்தியைத்தான் நாம் கடவுள் என்கிறோம்" என்று சிலர் ஆறுதலடைகின்றனர். "சக்தியே போதும், கடவுள் எதற்கு?" என்று வேறு சிலர் கேட்கின்றனர். முன்னவர் விசுவாசி, பின்னவர் அவிசுவாசி. ஆயினும் இருவரும் தவறுவது ஒரே இடத்திலேதான்.

பிரபஞ்சத் தொடக்கத்தில் இருந்த சக்தி எத்தகையது? அதைக் கடவுள் என்று அழைக்கலாமா? அழைத்தால் நாம் இழப்பது என்ன? இம்மூன்று கேள்விகளையும் சற்று நிதானமாகச் சிந்திப்பது நலம்.

பாடப் புத்தகத்தின் சக்தி

விஞ்ஞானம் எதைச் சக்தி என்கிறது? அது தனியான ஒரு பொருளன்று. பொருள்களுக்குள் ஒளிந்திருக்கும் ஓர் ஆவியுமன்று. அளந்து கணக்கிடக்கூடிய ஒரு தொகையே அது. உயரத்தில் தூக்கி வைத்த கல்லில் ஓரளவு சக்தி உண்டு. கல் விழும்போது அது இயக்கச் சக்தியாகிறது. நிலத்தில் மோதும்போது ஒலியாகவும் வெப்பமாகவும் பிரிகிறது. வடிவங்கள் மாறினாலும் கூட்டுத்தொகை மாறுவதில்லை. திணிவும் சக்தியின் ஒரு வடிவமே என்று 1905ஆம் ஆண்டில் ஐன்ஸ்ரைன் காட்டினார். சூரியன் ஒவ்வொரு செக்கனிலும் ஏறத்தாழ 40 இலட்சம் தொன் திணிவை இவ்வாறு ஒளியாகவும் வெப்பமாகவும் மாற்றிக்கொண்டிருக்கிறது.

"சக்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது" என்ற விதி உயர்தர வகுப்பு மாணவனுக்கு மனப்பாடம். அதிலிருந்து அவன் ஒரு முடிபுக்கு வருகிறான்: ஆக்க முடியாதது என்றால் அது என்றென்றும் இருந்திருக்க வேண்டும், என்றென்றும் இருப்பதற்கு ஆக்கியவர் எதற்கு? இந்தக் கேள்வி மூடத்தனமானதன்று. அதட்டி அடக்கிவிடத் தக்கதுமன்று. ஒழுங்காகச் சிந்திக்கும் ஒரு பிள்ளையே இப்படிக் கேட்கும்.

ஆனால் இந்த விதி எங்கிருந்து வருகிறது என்பதையும் அந்த மாணவன் அறிந்துகொள்ள வேண்டும். எமி நோய்தர் என்ற ஜேர்மன் கணித மேதை 1918ஆம் ஆண்டில் அதன் வேரைக் கண்டுபிடித்தார். இயற்கையின் நடைமுறை நேற்றும் இன்றும் நாளையும் ஒரே மாதிரி இருப்பதனாலேயே சக்தி மாறாமல் காக்கப்படுகிறது என்று அவர் நிறுவினார். ஓர் ஆய்வுகூடத்தில், ஓர் இயந்திரத்தில், ஒரு நட்சத்திரத்தில் இந்த விதி பிசகாது. ஆனால் பிரபஞ்சம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் நிலைமை வேறு. வெளி தானே விரிந்துகொண்டிருக்கிறது. நேற்றைய பிரபஞ்சமும் இன்றைய பிரபஞ்சமும் ஒரே அளவினவல்ல. அப்படியான இடத்தில் "மொத்தச் சக்தி இவ்வளவு" என்று கணக்கை எழுதி மூடுவதே எளிதான காரியமன்று. ஆகவே, பிரபஞ்சத்துக்குள் நடக்கும் மாற்றங்களை ஆளும் ஒரு விதியை எடுத்து, பிரபஞ்சம் ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு அதையே விடையாக வைப்பது விதியை அதன் எல்லைக்கு வெளியே இழுத்துச் செல்வதாகும்.

ஒரு குருவானவர் கண்ட தொடக்கம்

பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் இருந்திருக்கலாம் என்ற கருத்தை நவீன விஞ்ஞானத்தில் முதன்முதல் தெளிவாக முன்வைத்தவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் என்பதை எமது இளைஞருள் பலர் அறியார். அவர் பெயர் ஜோர்ஜ் லெமேத்ர். 1894ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் சார்ல்றுவா நகரில் பிறந்தவர். முதலாம் உலகப் போரில் தொண்டராகச் சேர்ந்து போர்முனையில் நின்றவர். போர் முடிந்தபின் கணிதமும் பௌதிகமும் பயின்று, 1923ஆம் ஆண்டில் குருவாக அபிஷேகம் பெற்றார். பின்னர் லூவெயின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார்.

ஐன்ஸ்ரைனின் சமன்பாடுகளை ஆராய்ந்த லெமேத்ர், பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது என்று 1927ஆம் ஆண்டில் எழுதினார். அவ்வாண்டு பிரசெல்ஸ் நகரில் அவரைச் சந்தித்த ஐன்ஸ்ரைன், கணக்குச் சரிதான், ஆனால் பௌதிகம் சகிக்கத்தக்கதன்று என்ற கருத்துப்படப் பதிலளித்தார். இரண்டு ஆண்டுகளின் பின், தொலைவிலுள்ள நட்சத்திரத் தொகுதிகள் எம்மைவிட்டு விலகிச் செல்லும் வேகத்துக்கும் அவற்றின் தூரத்துக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க வானியலாளர் எட்வின் ஹபிள் வெளியிட்டார். 1931ஆம் ஆண்டில் லெமேத்ர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். விரிவதைப் பின்னோக்கிக் கணித்தால் எல்லாம் ஒன்றாகக் குவிந்திருந்த ஒரு நிலைக்கு வருவோம். பிரபஞ்சத்தின் சக்தி முழுவதும் ஒரே ஓர் "ஆதி அணு"வில் அடங்கியிருந்து, அது சிதறியே அனைத்தும் தோன்றின என்று அவர் எண்ணினார். வெளியும் காலமும்கூட அந்தச் சிதறலின் பின்னரே அர்த்தம் பெறும் என்றார்.

இக்கருத்தைப் பலர் ஏளனம் செய்தனர். ஒரு குருவானவர் வேதாகமத்தைப் பின்கதவால் விஞ்ஞானத்துக்குள் கொண்டுவரப் பார்க்கிறார் என்ற சந்தேகமும் இருந்தது. "பெரு வெடிப்பு" என்ற பெயரே, அதனை ஏற்காத ஆங்கில வானியலாளர் பிரெட் ஹொய்ல் 1949ஆம் ஆண்டில் ஒரு வானொலிப் பேச்சில் வழங்கியது. ஆனால் 1965ஆம் ஆண்டில் நிலைமை மாறிற்று. அமெரிக்காவில் பென்சியஸ், வில்சன் என்ற இருவர் தமது வானொலி அலைவாங்கியில், எத்திசை நோக்கித் திருப்பினாலும் நீங்காத ஒரு மெல்லிய இரைச்சலைக் கண்டிருந்தனர். பிரபஞ்சத்தின் இளமைக் காலத்து வெப்பத்தின் எச்சமே அது என்பது அவ்வாண்டில் தெளிவாயிற்று. பிரபஞ்சத்துக்கு ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் வயதாக இருந்தபோது புறப்பட்ட ஒளி, 1,380 கோடி ஆண்டு காலமாக வெளியோடு சேர்ந்து நீண்டு குளிர்ந்து, இன்று தனிப்பூச்சியத்துக்கு மேல் 2.7 பாகையில் நிற்கிறது. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் நிலையம் எதுவும் கிடைக்காதபோது தோன்றிய புள்ளிகளில் ஒரு சிறு பகுதி இந்த ஆதி ஒளியினால் உண்டானதே.

இச்செய்தி நோயுற்று வைத்தியசாலையில் இருந்த லெமேத்ரின் காதுக்கு எட்டியது. 1966 யூன் 20ஆம் திகதி அவர் இறைவனடி சேர்ந்தார்.

பாப்பரசரும் பேராசிரியரும்

விஞ்ஞானத்தில் இவ்வளவு பெரிய வெற்றி கண்ட ஒரு குருவானவர் அதைக் கொண்டு கடவுளை நிரூபித்துவிட்டதாகக் கொண்டாடியிருப்பார் என்றே நாம் எதிர்பார்ப்போம். நடந்ததோ வேறு.

1951 நவம்பர் 22ஆம் திகதி பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் திருத்தந்தையரின் விஞ்ஞானக் கழகத்தில் உரையாற்றினார். ஒளியை அழைத்த இறைவனின் ஆதி வார்த்தைக்கு இன்றைய விஞ்ஞானம் சாட்சி சொல்வது போலிருக்கிறது என்ற கருத்து அவ்வுரையில் இடம்பெற்றது. இவை முற்றான நிரூபணமல்ல என்பதையும் பாப்பரசர் குறிப்பிட்டிருந்தார். ஆயினும் உலகப் பத்திரிகைகள் அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டு, ஆரவாரத்தை மட்டும் பரப்பின.

அக்கழகத்தின் அங்கத்தவராயிருந்த லெமேத்ர் இதனால் மகிழவில்லை, கலங்கினார். வத்திக்கான் வான் ஆய்வுகூடத்தின் தலைவராயிருந்த யேசுசபைக் குரு டானியல் ஓகொனெல் அவர்களோடு இதுபற்றிப் பேசினார். மறு ஆண்டு செப்டெம்பர் மாதம் உரோமையில் கூடிய சர்வதேச வானியலாளர் மாநாட்டில் பாப்பரசர் மீண்டும் உரையாற்றினார். இம்முறை ஆதி அணுவையும் படைப்பையும் அவர் இணைத்துப் பேசவில்லை.

இதே உரோமை மாநாட்டிலே இன்னொன்றும் நிகழ்ந்தது. நட்சத்திரத் தூரங்களை அளக்கும் முறையிலிருந்த ஒரு பெரும் பிழையை வோல்ற்றர் பாடே என்ற வானியலாளர் அங்கு எடுத்துக்காட்டினார். அதன் விளைவாகப் பிரபஞ்சத்தின் கணிக்கப்பட்ட வயது ஏறத்தாழ இரு மடங்காயிற்று. ஓர் ஆண்டின் அளவீடு மறு ஆண்டில் மாறிவிடுகிறது. விசுவாசத்தை அத்தகைய ஓர் எண்ணின்மேல் கட்டியிருந்தால் அதன் கதி என்னவாகியிருக்கும்?

லெமேத்ரின் அச்சம் இதனினும் ஆழமானது. தமது கொள்கை கடவுள் உண்டா இல்லையா என்ற கேள்விக்கு முற்றிலும் வெளியே நிற்கிறது என்றும், கடவுளை மறுப்பவரும் அதைத் தாராளமாக ஏற்கலாம் என்றும் 1958ஆம் ஆண்டில் அவர் வெளிப்படையாகக் கூறினார். விசுவாசம் குறைந்ததனால் அவர் இப்படிச் சொல்லவில்லை. ஆதி அணு எவ்வளவு வியப்புக்குரியதாயினும் அதுவும் ஒரு படைப்பே. அதன் பின்னே நிற்பவர் அதற்குள் ஒரு பாகமாக அகப்படமாட்டார் என்பதே அவர் உறுதி. இசையாஸ் இறைவாக்கினர் கூறும் மறைந்திருக்கும் இறைவனே அவருடைய இறைவன். 1988ஆம் ஆண்டில் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பரும், வத்திக்கான் வான் ஆய்வுகூடத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், பெரு வெடிப்புக் கொள்கையை அவசரப்பட்டு விசுவாச வாதத்துக்கு ஆயுதமாக்கவேண்டாம் என்று அறிவுறுத்தினார்.

ஒன்றுமில்லாமை என்பது எது?

மறுபக்கத்தாரின் அவசரத்தையும் பார்ப்போம். 1973ஆம் ஆண்டில் எட்வேட் ட்ரையன் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு புதுமையான கருத்தை வெளியிட்டார். சடப்பொருளிலும் ஒளியிலும் உள்ள சக்தி நேர்க் கணக்கு. ஈர்ப்பினால் உண்டாகும் சக்தி மறைக் கணக்கு. இரண்டையும் கூட்டினால் பிரபஞ்சத்தின் மொத்தச் சக்தி பூச்சியமாக இருக்கலாம். பூச்சியம் என்றால் அதைத் தோற்றுவிக்கச் செலவு எதுவும் தேவையில்லை. வெறுவெளியில் எழும் ஒரு சிறு சலனமாகவே பிரபஞ்சம் தோன்றியிருக்கலாம் என்றார் அவர். 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு நூலில் ஸ்ரீபன் ஹோக்கிங்கும், ஈர்ப்பு விதி இருப்பதனால் பிரபஞ்சம் ஒன்றுமில்லாமையிலிருந்து தன்னைத்தானே தோற்றுவிக்கும். கடவுளை அழைக்கத் தேவையில்லை என்று எழுதினார். பல ஆண்டுகளாக அவர் திருத்தந்தையரின் விஞ்ஞானக் கழகத்தில் அங்கத்தவராயிருந்தவர் என்பதும் நினைவுகூரத்தக்கது.

பூச்சியம் என்ற கணக்கு உண்மையாயும் இருக்கலாம். அதை மறுப்பது சமயத்தின் வேலையன்று. ஆனால் ஓர் எளிய உதாரணத்தைப் பாருங்கள். ஒருவர் வங்கியில் 10 இலட்சம் ரூபா கடன் எடுத்து, அதே பெறுமதியுள்ள காணி ஒன்றை வாங்குகிறார். அவருடைய மொத்தச் சொத்து பூச்சியம். அதனால் காணி இல்லை என்றாகுமா? வங்கி இல்லை, பணம் இல்லை, கடன் சட்டம் இல்லை என்றாகுமா? கூட்டினால் பூச்சியம் வருவது வேறு. ஒன்றுமே இல்லாதிருப்பது வேறு.

பௌதிகம் பேசும் வெறுவெளியும் அவ்வாறே. அதற்கு விதிகள் உண்டு. அதில் சலனங்கள் எழுகின்றன. அதை அளவிட முடிகிறது. அளவிடக்கூடியது எதுவாயினும் அது ஏதோ ஒன்றுதான். "ஈர்ப்பு விதி இருப்பதனால்" என்று தொடங்கும்போதே ஒன்றுமில்லாமை போய்விட்டது. ஒரு விதி அங்கே நிற்கிறது. அந்த விதி ஏன் இருக்கிறது, ஏன் எதுவுமே இல்லாமற் போகவில்லை என்ற கேள்வி தீண்டப்படாமலே கிடக்கிறது. ஆய்வுகூடத்தின் கருவிகள் கூர்மையற்றவை என்பதல்ல இதற்குக் காரணம். கேள்வியே வேறு வகையைச் சேர்ந்தது. மெய்யியலின் கேள்வி அது.

இன்னொன்றையும் கூறவேண்டும். பிரபஞ்சத்தின் விரிவு வேகமெடுத்துக்கொண்டிருக்கிறது என்று 1998ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அதற்குக் காரணமானதை விஞ்ஞானிகள் இருட்சக்தி என்று அழைக்கின்றனர். பிரபஞ்சத்தின் மொத்தக் கணக்கில் ஏறத்தாழ நூற்றுக்கு 68 பங்கு அதுவே. நாமும் நட்சத்திரங்களும் ஆன சாதாரணச் சடப்பொருள் நூற்றுக்கு 5 பங்கு மாத்திரமே. அந்த இருட்சக்தியின் இயல்பு இன்னும் விளங்கவில்லை. "ஏதோ ஒரு சக்தி" என்ற சொற்றொடருக்கு உண்மையிலே பொருந்துவது அதுதான்! அங்கே கடவுளின் பெயரை எழுதி வைக்க எவரும் துடிக்கவேண்டாம். நாளை ஓர் இளைஞன் அதை விளக்கிவிட்டால், அவன் கடவுளைத் துரத்திவிட்டான் என்றாகிவிடும். விஞ்ஞானம் அறியாத மூலைகளில் மட்டும் குடியிருக்கும் கடவுள், விஞ்ஞானம் வளர வளர வீடிழந்து போவார்.

மேசனும் அண்ணாவியாரும்

அப்படியானால் படைப்பு என்று திருச்சபை சொல்வது எதை? இதற்கு விடை 13ஆம் நூற்றாண்டிலேயே தரப்பட்டுவிட்டது. தந்தவர் புனித தோமஸ் அக்குவினாஸ்.

உலகத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்பதை விசுவாசத்தினாலே ஏற்றுக்கொள்கிறோம். பகுத்தறிவினால் அதை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்று அவர் எழுதினார். இதற்காக அவர் காலத்துப் பக்திமான்கள் சிலர் அவர்மீது சீறி விழுந்தனர். அவரோ மேலும் ஒரு படி சென்றார். உலகம் தொடக்கமின்றி என்றென்றும் இருந்திருந்தாலும்கூட, அது படைக்கப்பட்ட உலகமாகவே இருந்திருக்கும் என்றார். ஏனெனில் படைப்பு என்பது முன்னொரு நாள் நடந்து முடிந்த ஒரு சம்பவமன்று. உள்ளவை யாவும் தம் இருப்புக்காக ஒவ்வொரு கணமும் இறைவனில் தங்கி நிற்பதே படைப்பு.

எமது ஊர் உதாரணம் ஒன்றினால் இதை விளங்கிக்கொள்ளலாம். மேசன் ஒருவர் வீடு கட்டுகிறார். கட்டி முடிந்ததும் கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அவர் இறந்தாலும் வீடு நிற்கும். நாட்டுக்கூத்தில் அண்ணாவியார் பாடுகிறார். அவர் பாடும்வரைக்கும் பாட்டு இருக்கும். அவர் நிறுத்திய கணத்தில் பாட்டும் இல்லை. பாட்டு அவருடைய தொண்டையுமன்று, அவருடைய மூச்சுமன்று, அவரிலிருந்து வேறானது. ஆயினும் அவரின்றி ஒரு கணமும் அதற்கு இருப்பில்லை. இறைவனை மேசனாக எண்ணுகிறவர்கள்தாம், 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் முதற்கல் வைத்தவர் யார் என்று தேடி அலைகின்றனர். பிரபஞ்சமோ வீடு போன்றதன்று, பாட்டுப் போன்றது.

அப்படிப் பார்த்தால் ஆதியில் இருந்த சக்தியின் இடம் எது என்பதும் தெளிவாகிறது. அது பாடகர் அல்ல. பாட்டின் முதல் அடி. முதல் அடி எவ்வளவு உரத்து ஒலித்தாலும் அது பாட்டைச் சேர்ந்ததே. இன்று முற்றத்தில் பூக்கும் ஒரு செவ்வரத்தை இறைவனுக்கு எவ்வளவு தூரமோ, பிரபஞ்சத்தின் முதற்கணமும் அவ்வளவே தூரம், அவ்வளவே கிட்டவும்கூட.

நாகசாகியின் ஒரு கிராம்

இதெல்லாம் குருமடத்து வாதமென்று சிலர் நினைக்கலாம். கடவுளைச் சக்தி என்றால் என்ன, பிதா என்றால் என்ன, பெயரில் என்ன இருக்கிறது என்பர். இருக்கிறது.

1945 ஓகஸ்ட் 9ஆம் திகதி முற்பகல் 11 மணி 2 நிமிடத்துக்கு யப்பானின் நாகசாகி நகரின்மேல் அணுகுண்டு வெடித்தது. அந்தக் குண்டில் சக்தியாக மாறிய திணிவு ஏறத்தாழ ஒரு கிராம் மாத்திரமே. அது வெடித்த இடத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் தொலைவில் ஊறகாமி பேராலயம் இருந்தது. நூற்றாண்டுக் கணக்காகக் குருக்களின்றி மறைவில் விசுவாசத்தைக் காத்த யப்பானியக் கத்தோலிக்கரின் வழித்தோன்றல்கள் கட்டிய ஆலயம் அது. தேவதாயின் விண்ணேற்புத் திருநாள் அண்மித்திருந்தபடியால், அந்நேரம் பாவசங்கீர்த்தனத்துக்காக மக்கள் அங்கே கூடியிருந்தனர். உள்ளே இருந்த குருக்களும் மக்களும் ஒருவரும் தப்பவில்லை. அந்தப் பங்கில் இறந்தோர் ஆயிரக்கணக்கினர்.

சக்தி தன் வேலையைப் பிழையின்றிச் செய்தது. 1905ஆம் ஆண்டின் சமன்பாடு அணுவளவும் பிசகவில்லை. சூரியனில் உயிர் கொடுக்கும் அதே விதி இங்கே உயிரைக் குடித்தது. சக்திக்கு இரண்டும் ஒன்றே. பீடத்தையும் அது அறியாது, தொட்டிலையும் அறியாது. அதற்கு இரக்கமும் இல்லை, குரோதமும் இல்லை. அப்படியான ஒன்றையே எல்லாவற்றுக்கும் மூலமென்று வணங்குவோமானால், வலிமையையே வணங்குகிறோம் என்றுதான் பொருள். வலிமையை வணங்குகிறவன் நாளடைவில் வலியவன் செய்வதே சரி என்று ஏற்கத் தொடங்குவான். கடவுளைப் பற்றிய பிழை இவ்வாறு மனிதனைப் பற்றிய பிழையாக முடிகிறது.

ஆனால் நேர்மையுள்ள ஒருவர் இங்கே எம்மை மறித்துக் கேட்பார்: "எல்லாம் வல்ல பிதா ஒருவர் உண்டென்றால், நாகசாகி இன்னும் பெரிய கேள்வியல்லவா? சக்தி மட்டுமே என்றால் கேள்வியே இல்லையே." அவர் சொல்வது சரி. இதை மழுப்பக்கூடாது. பிதாவை நம்புகிறவனுக்குத் துன்பம் கடினமான புதிராகிறது. சக்தியை நம்புகிறவனுக்கு அது வெறும் நிகழ்ச்சி. எனினும் சற்றுச் சிந்தியுங்கள். காணாமற்போன மகனுக்காக மாதாவின் முன் மெழுகுதிரி ஏற்றும் தாய், "ஏன் ஆண்டவரே?" என்று கேட்கிறாள். பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டேயிருக்கிறாள். சக்தியிடம் எவரும் "ஏன்" என்று கேட்பதில்லை. மின்சாரத்திடம் முறையிடுவார் உண்டா? அந்தத் தாயின் அழுகைக்கு அர்த்தம் உண்டென்றால், அதைக் கேட்கவேண்டிய ஒருவர் இருக்கிறார் என்பதே அதன் அடிப்படை. யோபு இறைவனோடு வழக்காடினார். அவருக்கு விளக்கம் கிடைக்கவில்லை. ஆனால் இறைவன் அவரோடு பேசினார். விசுவாசம் எமக்கும் எல்லா விளக்கங்களையும் தருவதில்லை. கேள்வி கேட்பதற்கு ஒருவரைத் தருகிறது. அந்த ஒருவரே சிலுவையில் அதே "ஏன்" என்ற கேள்வியோடு மரித்தார் என்பதும் எமது விசுவாசம்.

எலியாஸ் இறைவாக்கினரின் வரலாற்றையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஓரேப் மலையில் அவர் நின்றபோது பாறைகளைப் பிளக்கும் காற்று அடித்தது, நிலம் அதிர்ந்தது, தீ எழுந்தது. மூன்றும் சக்தியின் வடிவங்களே. அம்மூன்றிலும் ஆண்டவர் இருக்கவில்லை என்று வேதாகமம் கூறுகிறது. பின்பு மெல்லிய அமைதியான ஓர் ஒலி கேட்டது. அப்போதுதான் எலியாஸ் தம் முகத்தை மூடிக்கொண்டார்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

வீட்டிலே பிள்ளை ஒரு நாள் இக்கேள்வியோடு வரும். அப்போது பெற்றோர் இரண்டு காரியங்களைத் தவிர்க்கவேண்டும். பெரு வெடிப்பு வேதத்துக்கு மாறானது என்று பயமுறுத்தக்கூடாது; அதைக் கண்டவரே ஒரு குருவானவர். பெரு வெடிப்பே ஆதியாகமத்தை நிரூபித்துவிட்டது என்று ஏமாற்றவும் கூடாது. அந்தக் குருவானவரே அதை விரும்பவில்லை. முன்னது பிள்ளையின் அறிவை அவமதிக்கிறது. பின்னது அதன் விசுவாசத்தை மணலின்மேல் கட்டுகிறது.

பௌதிகத்தை நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். சக்தி எப்படி மாறுகிறது, வெளி எப்படி விரிகிறது, முதல் ஐதரசனும் ஈலியமும் எப்படி உண்டாயின என்பவற்றை அது ஆசையோடு கற்கட்டும். அதிலே ஒரு வரியைக்கூட விசுவாசத்துக்காக அடிக்கவேண்டியதில்லை. பின்னர் ஒரேயொரு கேள்வியை அதன் மனத்தில் விட்டுவையுங்கள்: இவ்வளவும் இல்லாமற் போயிருக்கலாமே, ஏன் இருக்கின்றன? பகுத்தறிவு எம்மை இந்தக் கேள்வியின் வாசல்வரை கூட்டிக்கொண்டு வரும். வாசலுக்கு உள்ளே இருப்பவர் தம்மைத் தாமே வெளிப்படுத்தினாலன்றி நாம் அவரை அறியமுடியாது. அவர் வெளிப்படுத்தியிருக்கிறார் என்பதே நற்செய்தி.

ஞாயிறுதோறும் பூசையில் நாம் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தை அடுத்தமுறை சற்றுக் கவனித்துச் சொல்லிப் பாருங்கள். வல்லமையைக் குறிக்கும் சொல்லும், வானத்தையும் பூமியையும் படைத்ததைக் குறிக்கும் சொற்களும் தமிழிலே தனியாக நிற்பதில்லை. அவையெல்லாம் பிதா என்ற ஒரு சொல்லுக்கு அடைமொழிகளாய் வந்து, அந்தச் சொல்லிலேயே போய் முடிகின்றன. எமது முன்னோர் செபிக்கக் கற்றுத்தந்த ஒழுங்கு அது. எவ்வளவு பெரிய சக்தியானாலும் அது அடைமொழியின் இடத்திலேயே இருக்கட்டும். பெயர்ச்சொல் பிதாவே.